கொடிக்கயிறு கட்டிய ஹெட்ஃபோன்

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும் உங்கள் அத்தையும்தான். அதிலும் அவள் என்னைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியம். காரணம் கீழே வருகிறது. நீங்களும் என் மகளும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை வந்தால் அன்றைக்கே முடித்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்கிறாள். கடிதம் என்றால் மின்சாரக் கம்பெனிக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய ஒயர் இல்லாத ஹெட்ஃபோன் பத்திரமாக வந்து சேர்ந்தது. அந்தப் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து, உள்ளே நகை ஏதோ இருக்கிறது என்று உங்கள் அத்தைக்கு வாயெல்லாம் பல். உங்கள் நல்ல மனசுக்கு மிகவும் நன்றி. தயவுசெய்து அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் சனிக்கிழமைக்குள். சனிக்கிழமை பழைய சாமான்காரன் வருகிறான். என் பழைய ஹெட்ஃபோனும் அதன் நீள ஒயரும் ஒரு துணிப்பையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில், அவனுக்காகக் காத்திருக்கின்றன. போகவர நான் அந்தப் பையைப் பார்க்கிறேன். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புவது போல இருக்கிறது மாப்பிள்ளை.

அந்த ஒயர் இந்த வீட்டில் என்ன உத்தியோகம் பார்த்தது என்று உங்களுக்குத் தெரியாது. பால்கனி ஜன்னலுக்குக் கீழே ஷெல்ஃப், அதில் என் ஆம்ப்ளிஃபையர். அங்கிருந்து கிளம்பும் ஒயர் ஹாலைக் குறுக்கே கடந்து, சமையலறை வாசலைத் தொட்டு, என் நாற்காலிக்கு வந்து சேரும். உங்கள் அத்தை அதைத் தாண்டாமல் எங்கேயும் போக முடியாது. கையில் டீயோடு வந்து ஒயரருகே காலைத் தூக்கித் தாண்டும்போதெல்லாம் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாள். எனக்கு அது கேட்காது. ஆனால் அதே ஒயரைத்தான் அவள் காலிங் பெல்லாகவும் வைத்திருந்தாள். நான் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்து, சமையலறை வாசலில் குனிந்து ஒயரைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் டீ ரெடி. ரெண்டு இழு என்றால் யாரோ வந்திருக்கிறார்கள், சட்டையைப் போடு. மூன்று இழு என்றால் நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன், என்ன என்று நேரில் வந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படி இருக்கையில் உங்கள் பெட்டி வந்தது. மறுநிமிடமே, "அப்பாடா! இன்னியோட அந்தப் பாம்பு வெளிய போகட்டும்" என்றாள் உங்கள் அத்தை. நான் விடுவேனா? ஒயரில் வரும் பாட்டு நேராக வரும், ஒயர் இல்லாததில் பாட்டை மடித்துப் பெட்டியில் அடைத்துக் காற்றில் அனுப்பி அந்தப் பக்கம் பிரித்து உதறுகிறார்கள், என்ன உதறினாலும் மடிப்பு மடிப்பாகத் தெரியும், என் காதுக்கு அது பொறுக்காது என்று சொன்னேன். நீங்கள் போன தடவை வந்திருந்தபோது இதையே உங்களிடம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்துக் கை காயும்வரை சொன்னது ஞாபகம் இருக்கும். அவள் அசரவில்லை. "கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பார்ப்போம். தெரிஞ்சா ஒயர் இருக்கட்டும். தெரியலேன்னா பழைய சாமானுக்கு" என்றாள். சாட்சிக்குக் கீழ்வீட்டுப் பல் டாக்டரையும் கூப்பிட்டுவிட்டாள். படித்தவராம், யார் பக்கமும் சாயமாட்டாராம்.

டவலால் கண்ணைக் கட்டினார்கள். முதலில் ஒன்றை மாட்டினார்கள். மாட்டியதுமே எடையில் எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுடையது. ஆனால் உடனே சொன்னால் நன்றாக இருக்காதே? தலையை ஆட்டி, முகத்தைச் சுளித்து, "ம்ஹும், சுருக்கம் தெரியுது. இது ஒயர் இல்லாதது" என்றேன். டாக்டர் "சபாஷ்!" என்றார். அடுத்தது மாட்டினார்கள். என் பழைய செல்லம், கிழிந்த பஞ்சு காதில் உறுத்தியதும் அடையாளம் தெரிந்தது. எங்கேயோ மெல்லப் புல்லாங்குழல் கேட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆகா! இதுதான் சங்கீதம்! என்ன அடக்கம்! என்ன தூரம்! குழல்காரர் காதுக்குள்ள வந்து நிக்கலை பாருங்க, மரியாதையா வேற வீட்டுல நின்னு வாசிக்கிற மாதிரி இருக்கு! இந்த இடைவெளியை எந்த ஒயர் இல்லாத ஹெட்ஃபோன் தரும்?" என்று கையை விரித்தேன்.

இந்தத் தடவை "சபாஷ்" வரவில்லை. டவலை அவிழ்த்தேன். உங்கள் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். ஒயரின் இந்த முனை என் காதில், அந்த முனை தரையில். காலையில் பெருக்கும்போது பிடுங்கியவள் திரும்பச் சொருகவில்லை. "சார், அது கீழ எங்க கிளினிக்ல ஓடுது. பயந்து வர்றவங்களுக்காகப் போட்டுட்டு வந்தேன்" என்றார் டாக்டர். குழல்காரர் வாஸ்தவமாகவே வேறு வீட்டில்தான் நின்று வாசித்திருக்கிறார். என் மானம் கப்பலேறியது, ஒயர் பையில் ஏறியது.

சரி, தோற்றவன் தோற்றவனாக இருப்போம் என்று உங்களுடையதை மாட்டிக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், உங்கள் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்: வெளிச் சத்தத்தை அடக்கும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அதை அமுக்கியதும் ஆடிப்போய்விட்டேன். ஃபேன் சுற்றுகிறது, காற்று வருகிறது, சத்தம் இல்லை. தண்ணீர் மோட்டார் இல்லை. தெரு இல்லை. எதிரே உங்கள் அத்தை வாய் அசைகிறது, கை அசைகிறது, அவளும் இல்லை! அந்த வெறுமைக்கு நடுவில் பாட்டு மட்டும் வந்து உட்கார்ந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. எழுந்து நடந்தேன், பாட்டும் கூடவே நடந்தது. சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வருகிறது. பாத்ரூமுக்குப் போனேன், அங்கேயும் வந்துவிட்டது. எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து கயிறும் கம்பியும் சோதித்தவன் நான். எதிலும் தொங்காமல் ஒன்று இப்படி வேலை செய்வதை என் புத்தி ஏற்கவில்லை. மனசு மட்டும் குதித்துக்கொண்டிருந்தது.

குதித்ததோடு நிற்கவில்லை, கூடவே பாடியும் இருக்கிறேன். பாடுகிறோம் என்றே எனக்குத் தெரியாது. என் குரலையும் அந்த யந்திரம் இரைச்சல் கணக்கில் சேர்த்துத் துடைத்துவிட்டது போலிருக்கிறது. டாக்டர் மூச்சு வாங்க மேலே ஓடி வந்து என் தோளைத் தொட்டார்.

"சார், எங்கயாவது வலிக்குதா?"

"இல்லையே. பாட்டு கேட்டுட்டிருக்கேன்."

"கேட்டதோட விட்டிருந்தா பரவாயில்லை சார். நீங்க மேல் ஸ்தாயிக்குப் போனப்போ, என் ரூம்ல யாரோ பல்லைப் பிடுங்குறப்போ கத்துறாங்கன்னு நினைச்சு, வெளிய உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் எழுந்து போயிட்டாங்க. உள்ள சேர்ல இருந்தவரும் வாயைத் திறந்த மேனிக்கே போயிட்டார்."

அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பினேன்.

அதைச் சிரித்து மறந்துவிடலாம். அடுத்தது மறக்கிற விஷயம் இல்லை. செவ்வாய்க்கிழமை உங்கள் அத்தை துணி எடுக்கப் பால்கனிக்குப் போனாள். அந்தக் கதவின் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிடும், சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு விழுந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. அவள் கதவைத் தட்டியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள், துணிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே என் மேல் எறிந்திருக்கிறாள். ஒரு கிளிப் மடியில் விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாட்டு உச்சத்தில் இருந்ததால் கண்ணைத் திறக்காமலே அதை எடுத்துப் பக்கத்து மேசையில் வைத்தேன். கடைசியில் அவள் ஈரத் துண்டைக் கீழே ஆட்டிக் காட்ட, டாக்டரும் பாதி வாய் மரத்துப்போன ஒரு நோயாளியும் மாடியேறி வந்தார்கள். வாசல் திறந்தே கிடந்தது. பால்கனிக் கதவைத் திறந்துவிட்டது அந்த நோயாளிதான். என்னைப் பார்த்து அவர் ஏதோ கோபமாகச் சொன்னார், வாய் கோணியிருந்ததால் இன்னதென்று புரியவில்லை.

உங்கள் அத்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்று, மெல்லத்தான் சொன்னாள்: "ஜன்னல் கம்பிக்குள்ள கையை விட்டுத் தேடினேங்க. ஷெல்ஃபுக்குப் பின்னாடி அந்த ஒயர் கைக்கு எட்டுமே. ஒரு இழு இழுக்கலாம்னு பார்த்தேன். அது இல்லை." அவளே பையில் போட்டதை அவளே தேடியிருக்கிறாள். இப்போதும் டீ கொண்டு வரும்போது இல்லாத ஒயரைக் காலைத் தூக்கித் தாண்டித்தான் வருகிறாள். நான் பார்த்துச் சிரித்தேன் என்று ஒரு தடவை டீயில் சர்க்கரை போடவில்லை.

இதுதான் சமயம் என்று, "பேசாம பழைய ஒயரையே எடுத்து மாட்டிடலாமா?" என்றேன். "நான் தடுக்கி விழணுமா?" என்றாள். பிறகு அவள் செய்த காரியம் இருக்கிறதே! பால்கனிக் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து, நீங்கள் ஆசையாக அனுப்பிய ஹெட்ஃபோனின் உச்சியில் ஒரு முனையைக் கட்டி, என் நாற்காலிக்கு மேலே இருக்கிற கொக்கியில் ஏற்றி, திரைச்சீலைக் கம்பி மேலேயே கொண்டுபோய், மறுமுனையைச் சமையலறை மேசையருகே தொங்கவிட்டுவிட்டாள். "தரையில எதுவும் இல்லை, எனக்கும் தடுக்காது" என்று ஒரு பெருமை வேறு. அவள் அங்கே இழுத்தால் இங்கே என் தலையிலிருந்து ஹெட்ஃபோன் அப்படியே மேலே போகிறது! பாட்டு பாதியில் கிளம்பி முகட்டுக்குப் போய்விடுகிறது, நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உத்தியோகத்தில் இருந்தபோது இப்படி ஒரு கயிற்றை எந்தக் கட்டடத்தில் பார்த்திருந்தாலும் சீல் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருப்பேன்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள். ஒயர் இல்லாத ஹெட்ஃபோனில் கயிறு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு ஒயரே இருந்தால் அதில் பாட்டாவது வருமே? ஆகவே என் விண்ணப்பம் இதுதான். சனிக்கிழமைக்குள் உங்கள் அத்தைக்குப் போன் போட்டு, "ஒயர்லதான் அத்தை சத்தம் சுத்தமா இருக்கும், நான் அனுப்பினதைத் திருப்பி அனுப்பிச்சுடுங்க, மாமா பழசையே வெச்சுக்கட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் ஏன் எதற்கு என்பாள். மாப்பிள்ளை சொன்னால் மறுபேச்சு கிடையாது. நான் எழுதினேன் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.

என் மகளிடம் அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்களை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரெண்டு பேரும் எப்போதும் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்தில் இருந்து, நூறு வயசு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
காது நன்றாக இருக்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: போன் போட வேண்டாம். மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் கடைசி வரி எழுதும்போது ஹாலிலிருந்து பாட்டுச் சத்தம். என் குரல் இல்லை. எட்டிப் பார்த்தால் உங்கள் அத்தை என் நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் எதையும் காதில் மாட்டி நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "குழல்னா இப்படியா இருக்கும்? எனக்கு யாருமே சொல்லலையேங்க! நல்லா இருக்குன்னு மாப்பிள்ளைக்கு எழுதுங்க!" என்று கத்தினாள். ஆக, மின்சாரக் கம்பெனிக் கதையை அவள் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. கீழே டாக்டர் கிளினிக்கிலிருந்து ரெண்டு பேர் எழுந்து போவது ஜன்னலில் தெரிகிறது. தபால்பெட்டிக்குப் போய்வருகிறேன் என்று சொல்ல, மேசைக்கு வந்து கயிற்றைப் பிடித்து மூன்று இழு இழுத்தேன். ஹெட்ஃபோன் மேலே போகவில்லை, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து கயிறு ஒரே ஒரு தடவை அசைந்தது. ஒரு இழு. நான் டீ போடப் போகிறேன்.