ஈரக்கொடிக் கூடை

தண்ணிழல் நாட்டில் மன்னரையும் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். மன்னர் அருள்மாரிக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். எப்போதும் அவர்தானே ஜெயிக்கிறார்!

அந்த நாட்டின் காட்டோரத்தில் நஞ்சி என்றொருத்தி இருந்தாள். காட்டுக்கொடி வெட்டிக் கூடை முடைவது அவள் பிழைப்பு. வெட்டுமுன் கொடியின் தூரைத் தொட்டு, "நல்லாயிரு தாயி, உன்ற புண்ணியத்துலதான் எங்கூட்டு அடுப்பெரியுது" என்று சொல்லிவிட்டுத்தான் அரிவாளை வைப்பாள். தூரை விட்டுவைத்து வெட்டுவதால் அடுத்த மழைக்கு அது மறுபடி தளிர்த்துவிடும்.

ஒருநாள் மன்னருக்குக் காட்டின்மேல் கருணை பிறந்தது. காடு காக்கப்பட்டது. அதாவது, நஞ்சியிடமிருந்து காக்கப்பட்டது. உள்ளே மன்னரின் விருந்தினர் மாளிகைக்கு மரம் அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வனப் பேரதிகாரி தாண்டவராயர் முரசுடன் வந்து ஆணையை வாசித்தார். வாசித்து முடித்ததும் மக்கள் நன்றி சொல்ல வேண்டும் என்பதும் அந்த ஆணையிலேயே இருந்தது.

"நன்றிங்க சாமி," என்றாள் நஞ்சி.

அடுத்த ஆணை வந்தது: எவர் வீட்டிலும் காட்டுக்கொடி ஓர் இரவுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அது பதுக்கல். காய்வதற்காகப் பரணில் கிடந்த கொடிகளைச் சேவகர்கள் இழுத்து வந்து நடுத்தெருவில் எரித்தார்கள். குளிர்காய நெருப்புத் தந்ததற்காக அதற்கும் ஒரு நன்றி வாங்கிக்கொண்டு போனார்கள். நஞ்சி வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டாள்.

தேர்தல் வந்தது. அங்கே வாக்கு என்பது கல். அதைக் கொடிக்கூடையில்தான் போட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. தாண்டவராயர் மறுபடி வந்தார்.

"கொடி வெட்ட உனக்கு அரசு சிறப்பு அனுமதி அளித்திருக்கிறது. இன்று மாலைக்குள் கூடைகள் தயாராக வேண்டும்."

"ஏனுங்க சாமி, பச்சைக்கொடியில முடைஞ்சா காஞ்சதும் சுருங்கிச் சந்து விழுந்துருமுங்க. நெழல்ல ஒலத்தி, அப்பறம் நனைச்சுத்தான் முடையோணும்."

"உலர்த்துவதா? அது பதுக்கல் அல்லவா! தேர்தல் நேரத்தில் என்னையே சட்டத்தை மீறச் சொல்கிறாயா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க. நன்றிங்க."

மாலைக்குள் முடைந்து கொடுத்தாள். கூடைகள் பச்சைப் பசேலென்று பார்க்க அழகாகத்தான் இருந்தன.

மன்னருக்கு வாக்களிப்போருக்கு அரண்மனையே வெள்ளைக்கல் வழங்கியது. கருவூலம் பணம் ஒதுக்கியது எலுமிச்சையளவு கல்லுக்கு. கை மாறிக் கை மாறி ஊர் வந்து சேர்ந்தபோது அது மிளகளவாகியிருந்தது. எதிர்த்து நின்ற இளவரையனின் ஆட்கள் சாலையில் கிடந்த கருங்கல்லை எடுத்துப் போட்டார்கள். தண்ணிழல் நாட்டுச் சாலைகளில் கல்லுக்குப் பஞ்சமே இல்லை.

கூடைகளைக் கழுதைகளில் ஏற்றி, கொளுத்தும் வெயிலில் தலைநகருக்குக் கொண்டு போனார்கள். கொடி காயக் காய முடைச்சல் நெகிழ்ந்தது. மிளகுக் கற்கள் வழிநெடுக உதிர்ந்தன. பின்னால் நடந்த சேவகர்கள் அதைப் பார்க்கத்தான் செய்தார்கள். தேர்தல் கூடையைத் தொடுவது குற்றம் என்பதால் தொடவில்லை. அவையில் கவிழ்த்தபோது ஒரு வெள்ளைக்கல்கூட விழவில்லை.

மன்னர் தாண்டவராயரைப் பார்த்தார்.

"எல்லாம் சட்டப்படிதான் நடந்தது, மன்னா," என்றார் அவர்.

அரியணை ஏறிய இளவரையன் முதல் வேலையாக நஞ்சியின் குடிசைக்கே வந்தார். "காட்டைத் திறந்துவிட்டேன், அம்மா. பதுக்கல் சட்டமும் ஒழிந்தது. இனி கொடி உங்களுடையது."

நஞ்சி இரு கைகளையும் தூக்கிக் கும்பிட்டாள். எந்த ஆணையும் கேட்காமலே அவளுக்கு நன்றி பொங்கிக்கொண்டு வந்தது.

இளவரையன் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தேர்தல் கூடைகளை மட்டும் அதே ஈரக்கொடியில் முடைந்துவிடு. எங்கள் ஆட்களுக்குப் பெரிய கல்லாகக் கொடுத்துக்கொள்கிறோம்."

நஞ்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நன்றிங்க சாமி," என்றாள், தாண்டவராயரிடம் சொன்ன அதே குரலில்.

மறுநாள் காட்டுக்குள் போய்த் தூரைத் தொட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "மறுபடியும் உன்னையப் பாக்க வெச்சியே தாயி, இது போதும்," என்றாள். வெட்டிய கொடிகளில் நல்லதாகப் பார்த்து ஒரு கட்டைத் தேர்தலுக்கென்று தனியாக எடுத்துவந்து, பரணில் உலரப் போட்டாள். அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் நன்றாகவே காய்ந்துவிடும்.