பாரிஸில் மீன் விற்ற கதை

காதலிக்கும் பெண்ணின் அப்பா முன்னால் வேலையில்லாதவனாகப் போய் நிற்கலாம். கலைஞனாக மட்டும் போய் நிற்கக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வரும்போது நான் ஏற்கெனவே ஒரு இசைத்தட்டு வெளியிட்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் மாதா கோயில் பாட்டுக் குழுவுக்கு கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். ஜோசபின் அதே குழுவில் பாடினாள். அவள் அப்பா ஒரு சொல்தா. (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. புதுச்சேரியில் இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை ஒரு உள்ளூர்ப் பையன் காதலித்தால், அவன் காதலிப்பது பாஸ்போர்ட்டை என்பதுதான் ஊர் முடிவு. சொல்தாவின் முடிவும் அதுவே. ஜோசபினின் அம்மா மரி மட்டும் என் கட்சி.

சொல்தாவை மடக்க நான் கண்டுபிடித்த வழிதான் அந்த இசைத்தட்டு. பாரிஸ் நகரத்தை நினைத்து, தனி பியானோவில், ஜாஸ் இசை. நான் அதுவரை போயிருந்த ஒரே பாரிஸ், சென்னையில் இருக்கும் பாரிஸ் கார்னர். ஜாஸ் என்றால் அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவனுக்கே தெரியாத இசை என்று நம்பியிருந்தேன் (என் விஷயத்தில் அது முழு உண்மை). ஆனாலும் 'மழையில் பாரிஸ்', 'மெட்ரோவில் ஒரு மாலை', 'ஆற்றங்கரையில் தனிமை' என்று தலைப்புகள் தயாராக இருந்தன. தலைப்பு வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே?

பியானோ, ஜோசபின் வீட்டுக்கு எதிரே இருந்த பாட்டு வகுப்பின் மாடியில் இருந்தது. ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், நான். விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்று விசிறியை நிறுத்தினேன். ஜோசபின் காதில் விழ வேண்டும் என்று தெருப்பக்க ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தேன். இதில் இருந்த முரண்பாடு அப்போது எனக்கு எட்டவில்லை. பதிவானதைக் கண்களை மூடிக்கொண்டு பலமுறை கேட்டேன். என் காதில் என் பியானோவைத் தவிர வேறெதுவும் விழவில்லை. அந்த வயதில் எனக்கு என் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மரி அம்மாதான் என்னைக் கூப்பிட்டார். சொல்தாவின் பட்டாளத்து நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். வஞ்சிரம் வறுவல். சொல்தா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"மீனுன்னா அன்னிக்கி புடிச்சதா இருக்கணும். ஒரு நாளு போனா கூட என் நாக்கு காட்டிக் குடுத்துடும்" என்றார். நண்பர்கள் தலையாட்டினார்கள். நானும் கூடுதலாக ஆட்டினேன்.

சாப்பிட்டதும் இசைத்தட்டைப் போட்டேன். சொல்தா அட்டையைப் பார்த்தார்.

"பாரிசா? அங்க போவறதுக்குத்தான் இந்த வேலையா, தம்பி?"

மடக்க வந்த நானே சாட்சியோடு மாட்டிக்கொண்டேன். முதல் இரண்டு பாட்டும் எப்படியோ ஓடின. மூன்றாவது, 'ஆற்றங்கரையில் தனிமை'. அதில் நடுநடுவே நீண்ட மௌனங்கள் விட்டிருந்தேன். அவை ஆழமானவை என்பது என் எண்ணம். முதல் மௌனத்தில் ஒரு பெண் குரல், "மீனேய்ய்! சங்கரா, வஞ்சிரம்!" என்று கூவியது. இரண்டாவது மௌனத்தில் இன்னொரு குரல் கேட்டது.

"இன்னாடி, கண்ணெல்லாம் உள்ள பூந்து கெடக்கு? நேத்து மீனுதான இது?"

"இல்லம்மா, காலைல கரைக்கு வந்தது!"

"எங்கிட்டயேவா? நேத்து மீனுன்னு தெரிஞ்சிதான் கேக்கறேன், கொறச்சிக் குடு. எங்க வூட்டு சொல்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. டப்பா மீனு தின்ன நாக்கு. இன்னிக்கி வந்ததுன்னு சொன்னா ஆகா ஆகான்னு துன்னுவாரு."

பிறகு என் பியானோ மிக உருக்கமாகத் தொடர்ந்தது.

மரி அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார். நிறுத்துவதற்காக ரிமோட்டைத் தேடி அழுத்தினேன். சத்தம் கூடியது. பூமி பிளந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். என் கட்சியில் இருந்த ஒரே ஆளையும் நானே போட்டுக்கொடுத்துவிட்டேன்.

"திரும்பப் போடு" என்றார் சொல்தா. போட்டேன். நண்பர்களில் ஒருவர் இன்னொரு தடவை கேட்டார். அதையும் போட்டேன்.

"எத்தினி நாளா இது, மரி?" என்று சொல்தா உள்ளே பார்த்துக் கேட்டார்.

"நீங்க ரெத்ரேத் பென்ஷன் வாங்கிக்கினு வந்ததுலேர்ந்து!" என்று பதில் வந்தது. கூடவே ஒரு பாத்திரம் விழும் சத்தம். ஜோசபின் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

சொல்தா இசைத்தட்டின் அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன்ன பாஸ்போர்ட்டுக்கு அலையறவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்படிப்பட்டவன் ஜன்னல சாத்திக்கினு வாசிச்சிருப்பான். உன் பாரிசுல நம்ம தெரு மீனுதான் நாறுது. நீ இந்த ஊர வுட்டு எங்கயும் போவ மாட்ட. எம் பொண்ணும் இங்கயே இருப்பா. உங்க அப்பாவ வந்து பேசச் சொல்லு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் பாதி, அவமானம் பாதி.

கல்யாணம் நடந்தது. அந்த இசைத்தட்டை இன்றும் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிறார்கள், பியானோவை எல்லாம் ஓட்டிவிட்டு நேராக மூன்றாவது பாட்டின் இரண்டாவது மௌனத்துக்கு. மாமனார் இப்போது தானே பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போகிறார். மாமியார் என்னோடு பேச ஆரம்பிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மன்னித்துவிட்டார் என்றுதான் ஜோசபின் சொல்கிறாள். ஆனால் நாங்கள் சாப்பிடப் போகும்போதெல்லாம் ஊருக்கே ஒரு சட்டியிலிருந்து குழம்பு போகும், எனக்கு மட்டும் தனியாக ஒரு சின்னச் சட்டி வரும்.

"துன்னுங்க மாப்ளே" என்பார். "பாரிஸ் மீனு."

நானும் ஆகா, ஆகா என்றுதான் சாப்பிடுகிறேன்.