தலைமடைக்கு ஒரு பிக்கப், கடைமடைக்கு ஒரு பிக்கப்

வலங்கைமான் வட்டம்,
6.12.1998, ஞாயிறு.

சிங்கப்பூரிலிருக்கும் அன்பு மாப்பிள்ளை வேம்புவுக்கு, உன் அக்காள் புருஷன் இராஜாங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காள் மங்களாம்பிகையும் இரண்டு ஆடுகளும் சுகம். சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நிற்கிறது, தண்ணீர் அதற்கும் மேலே நிற்கிறது. அங்கே நீயும் உன் கப்பல் பட்டறையும் சுகமாக இருக்க மாரியம்மன் துணையிருப்பாள்.

மரியாதைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி விஷயம். உன் மருமகள் அம்சவல்லி திருச்சிக் கல்லூரியிலிருந்து உனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருப்பாள், தான் செய்கிற மின்சாரக் கிட்டாருக்கு இரண்டு பிக்கப் வாங்கி அனுப்பச் சொல்லி. காதுகுத்துக்கும் நீ வரவில்லை, சடங்குக்கும் வரவில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து இதையே தாய்மாமன் சீராகச் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். நல்லது. ஆனால் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்து முடிக்காமல் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே. போன் பண்ணியிருக்கலாமே மச்சான் என்பாய். ஊரில் இருப்பது ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத், அதை நடத்துவது என் சித்தப்பா மகன் அரசப்பன், அவனும் நானும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அங்கே போய் நின்று நான் என்ன பேசுவது? அதனால்தான் கடிதம்.

பிக்கப் என்பது பெரிய மாயமில்லை. முப்பத்தொரு வருஷம் வயர்மேனாகக் கம்பம் ஏறியவனுக்கு அது ஒரு பொருட்டா? ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழைக் கம்பி. மேலே தந்தி அதிர்ந்தால் கம்பியில் கரண்ட் பிறக்கும், அது ஸ்பீக்கர் பெட்டிக்குப் போய்ச் சத்தமாகும். ஒரே சுருளாக இருந்தால் பக்கத்தில் ஓடுகிற மோட்டார், டியூப் லைட் எல்லாவற்றின் உறுமலையும் வாங்கிக்கொண்டு சதா முனகும். அதற்காக இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து ஒட்டி வைத்திருக்கிறான். உறுமலும் உறுமலும் மோதிச் செத்துவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். அதுதான் ஹம்பக்கர். அதற்குள்ளேயே சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபயரை வைத்து ஒன்பது வோல்ட் பேட்டரியும் கொடுத்துவிட்டால் ஆக்டிவ், பேட்டரி இல்லாவிட்டால் பாசிவ். இதையெல்லாம் உன் அக்காளுக்குப் பொறுமையாக விளக்கினேன். "எதிரும் புதிருமா நின்னா சத்தம் அடங்கிடுமா? அப்ப நீங்களும் அரசப்பனும் நிக்கிற நெலைக்கு இந்த ஊரு இந்நேரம் கோயில் மாதிரில்ல இருக்கணும்!" என்றாள். உங்கள் குடும்பத்துக்கே வாய் கொஞ்சம் நீளம், அதை இன்னொரு கடிதத்தில் பேசிக்கொள்ளலாம்.

வில்லங்கம் பிக்கப்பில் இல்லை, மரத்தில். என் அப்பாவும் சித்தப்பாவும் பண்ணையில் அரைப்படி நெல் கூடக் கேட்டு ஒன்றாக அடிபட்டவர்கள், ஒன்றாக ஜெயிலுக்குப் போனவர்கள், நில உச்சவரம்புச் சட்டத்தில் மீந்த நிலம் ஒரு ஏக்கர் கிடைத்தபோது ஒரே பட்டாவில் இரண்டு பேரையும் போடச் சொல்லிக் கைநாட்டு வைத்தவர்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் நாங்கள், அந்த ஏக்கரின் நடு வரப்பில் நின்ற பலா மரத்தின் ஒரு பழத்துக்காகப் பேச்சை விட்டவர்கள். பழம் தொங்கியது என் பக்கம், காம்பு இருந்தது அவன் பக்கம். எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பழம் என்னுடையதுதான். அந்த மரம் போன வருஷம் ஐப்பசிக் காற்றில் இடுப்போடு முறிந்து என் பக்கம் விழுந்தது. கிளைகளை அவன் விறகுக்குக் கொண்டுபோனான், அடிமரத்தை நான் பலகையாக அறுத்து ஒரு வருஷம் கொட்டகையில் காயப்போட்டேன். அதுவரை அரசப்பன் வாயைத் திறக்கவில்லை. அம்சவல்லி படம் வரைந்து கொடுத்து, வலங்கைமான் ஆசாரி அதை இழைத்துக் கிட்டார் உருவத்துக்குக் கொண்டுவந்த அன்றைக்குப் பட்டா நகலோடு வாசலில் வந்து நிற்கிறான்.

என்னோடு பேசமாட்டான் அல்லவா, அதனால் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னான்: "கூட்டுப் பட்டா. பாதி மரம் என்னுது. அப்ப பாதி கிட்டாரும் என்னுது." நானும் ஆட்டைப் பார்த்தே கேட்டேன்: "கெளைய எரிச்சு சோறாக்கித் தின்னப்ப பாதிச் சோறு குடுத்தாங்களான்னு கேளு." ஆடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பட்டா நகலின் ஒரு முனையைக் கடித்துவிட்டது. அதை நான்தான் ஏவிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

விஷயம் உரக்கடை ஜெக்கரியாவிடம் போயிற்று. ஊரில் இரண்டு கட்சிக்காரனும் கடன் வைத்திருப்பது அவரிடம்தான், அதனால் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. கிட்டாரை ரம்பம் வைத்துப் பிரிக்க முடியாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அப்புறம் அதில் தோண்டியிருந்த இரண்டு பள்ளங்களை உற்றுப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். கழுத்துப் பக்கம் ஒரு பிக்கப், தந்தி முடிகிற பக்கம் ஒரு பிக்கப் என்று சொன்னேன். "அப்ப சரியாப் போச்சு. தலைமடை அண்ணன் வீட்டுக்கு, கடைமடை தம்பி வீட்டுக்கு. அவங்கவங்க பள்ளத்துக்கு அவங்கவங்க சாமான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அரசப்பன் குதித்தான். "வயல்லயும் எனக்குக் கடைமடை, கிட்டார்லயும் கடைமடையா?" தண்ணீர் முதலில் பாய்கிற தலைமடை, அதாவது கழுத்துப் பக்கம், எனக்கு என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். அன்று சாயங்காலம் அம்சவல்லிக்கு விடுதியில் போன் போட்டு (வலங்கைமானுக்குப் பஸ் ஏறிப்போய்ப் போட்டேன்) பெருமையாகச் சொன்னால், "ஐயோ அப்பா, கடைமடைப் பக்கந்தான் சத்தம் கணீர்னு வெட்டும், தனியா வாசிக்கறதெல்லாம் அதுலதான்" என்கிறாள். மறுநாளே ஜெக்கரியாவிடம் ஓடி எனக்குக் கடைமடையே போதும் என்று கெஞ்சினேன். காவேரி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து கடைமடைக்காகச் சண்டை போட்ட முதல் ஆள் நான்தான் என்று அவர் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். தீர்ப்பை மாற்ற மாட்டாராம்.

சரி, பக்கம் போனால் போகட்டும், இரண்டும் ஆக்டிவாக இருந்தால் போதும் என்று சமாதானத்துக்கு இறங்கினேன். நான் ஆக்டிவ் என்றது தெரிந்ததும் அரசப்பன் பாசிவ் என்றான். பேட்டரி போட்ட சாமான் எதையும் நம்பக்கூடாதாம், டார்ச் லைட் அவனை ஒருமுறை கொல்லையில் கைவிட்டுவிட்டதாம். நெல்லில் புது ரகம் வந்தால் ஒரு குழி நிலத்தில் போட்டுப் பார்க்கிறோமா இல்லையா, அதே மாதிரி இதையும் நிரூபித்துவிடலாம் என்று அப்துல் ஜலீல் மைக் செட்டிலிருந்து துபாய்க் கிட்டார் ஒன்றை இரவல் வாங்கிவந்தேன். அசல் ஆக்டிவ். பதினைந்து நாள் வீட்டில் வைத்து ஆராய்ச்சி செய்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெக்கரியா, அரசப்பன், அவன் பெண்சாதி அமிர்தம், வாய்க்காலில் துணி துவைக்க வந்தவர்கள் எல்லாரையும் கூட்டி, பக்கத்திலேயே அரசப்பனின் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரையும் ஓடவிட்டு, "இப்ப கேளுங்க, ஒரு உறுமல் இருக்கான்னு" என்று தந்தியைத் தட்டினேன். உறுமல் இல்லை. சத்தமும் இல்லை. வயரைச் சொருகியே வைத்திருந்தால் பேட்டரி தன்பாட்டுக்குச் செலவாகிக்கொண்டே இருக்கும் என்பது அந்தப் பதினைந்து நாளில் எனக்குத் தெரியாமல் போயிற்று. அமிர்தம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அரசப்பன் ஆட்டிடம், "முப்பத்தொரு வருஷம் வயர்மேனாம்" என்றான். மாப்பிள்ளை, கம்பத்திலிருந்து இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். அப்போதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

ஜெக்கரியா கடைசியாக, தலைமடைக்கு ஆக்டிவ், கடைமடைக்கு பாசிவ் என்று முடித்துவிட்டார். அம்சவல்லி லீவில் வந்து இதைக் கேட்டதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டையும் கலக்கவே கூடாதாம். ஒன்றுக்கு வைக்கிற வால்யூம் குமிழ் மற்றதுக்கு ஆகாதாம், ஒன்று ஓங்கிக் கத்தும், மற்றது கிணற்றுக்குள்ளிருந்து பேசுமாம். "ஜனவரி இருபத்திரண்டாம் தேதி காலேஜ் இசைக்குழுப் போட்டிப்பா. இரவல் குடுத்த அக்கா படிப்பு முடிஞ்சு கிட்டார எடுத்துட்டுப் போயிட்டாங்க. கிட்டார் இல்லன்னா என் எடத்துல வேற பொண்ணு நிக்கும். தாத்தா ரெண்டு பேரும் நெலத்துக்குச் சண்டை போட்டாங்க. நீங்க ஓட்டைக்குச் சண்டை போடுறீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. பெண் மேடையில் நிற்க வேண்டும் மாப்பிள்ளை, மற்றதெல்லாம் எனக்கு மயிருக்குச் சமானம்.

அதனால் ஒரு யோசனை செய்திருக்கிறேன். உன் அக்காளுக்குக்கூடத் தெரியாது. நீ இரண்டும் ஆக்டிவாகவே வாங்கு. ஒன்றின் டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, பாசிவ் என்று எழுதிய டப்பா ஒன்றைக் கடைக்காரனிடம் கேட்டு வாங்கி அதில் போட்டு அனுப்பு. அரசப்பன் டப்பாவைப் பார்ப்பான், திருப்தியாகிவிடுவான். பேட்டரியை நான் பின்பக்கம் மூடிக்குள் மறைத்துவிடுகிறேன். இன்னொன்று, அந்த வரப்பை அளந்து கொடுக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன், வியாழக்கிழமை சர்வேயர் வருகிறார். மரம் நின்ற இடம் முழுக்க என் பாகம் என்று சங்கிலி போட்டு நிரூபித்துவிட்டால் அரசப்பன் முகத்தில் ஈ ஆடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் இரும்போடு மல்லுக்கட்டுகிறாய், மோர் குடி. நீயும் உன் சந்ததியும் பதினாறும் பெற்று வாழ்ந்து, ஒரு பொங்கலுக்காவது ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்க வாழ்த்துகிறேன். உன் அக்காளின் ஆசீர்வாதங்களும்.

இப்படிக்கு,
இராஜாங்கம், வயர்மேன் (ஓய்வு).

பின்குறிப்பு (வியாழன் மாலை): அளந்த முடிவையும் சேர்த்து எழுதலாம் என்று கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். சர்வேயர் வந்தார். கல்லிலிருந்து கல்லுக்குச் சங்கிலி பிடித்தார். மரம் நின்ற இடம் என்னுடையதும் இல்லை, அரசப்பனுடையதும் இல்லை, வாய்க்கால் புறம்போக்கு. பத்தொன்பது வருஷமாக நாங்கள் சண்டை போட்டது சர்க்கார் மரத்துக்கு. சர்வேயர் குறிப்பைப் புரட்டி, "இங்க ஒரு பலா மரம் காட்டுதே, எங்க?" என்றார். சர்க்கார் மரத்தை அறுத்தவனுக்கு என்ன கேஸ் என்பது எனக்குத் தெரியாதா? அப்போது அரசப்பன் நேரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்: "ஏண்ணே, இங்க மரம் எதாச்சும் இருந்துச்சா?" நான் சொன்னேன்: "நான் பாத்ததில்லையே தம்பி." அமிர்தம் முறத்தோடு வந்து வேர்க்கட்டை மேலேயே சேலையை விரித்து உட்கார்ந்து அரிசி புடைத்தாள், சர்வேயர் மூன்று தடவை சொல்லியும் எழுந்திருக்கவில்லை. உன் அக்காள் வீட்டுக்குள் கிட்டாரை நெல் மூட்டைகளுக்கு நடுவே சொருகிவிட்டாள்.

அவர் போனதும் அரசப்பன் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு பார்சலை மேஜையில் வைத்தான். நீ அனுப்பிய பார்சல், அவன் பூத் விலாசத்துக்கு. இரண்டும் ஆக்டிவ். சாப்பிடாமல் போன அன்றைக்கு அம்சவல்லி பஸ் ஏறுமுன் அவன் பூத்துக்குப் போய் உனக்குப் போன் பண்ணி அழுதாளாம். அரசப்பனே ரிசீவரை வாங்கி, "மாப்ள, புள்ள கேக்குறதையே ரெண்டும் அனுப்புங்க, அண்ணங்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்று சொன்னானாம். நீயும் விடவில்லை. இருக்கட்டும். இப்போது பாகம் பிரித்துவிட்டோம்: பேட்டரி வாங்கித் தருவது அவன், வாசித்து முடித்ததும் வயரைப் பிடுங்கி வைப்பது நான். இருபத்திரண்டாம் தேதி இரண்டு வீடும் ஒரே வேனில் திருச்சி போகிறோம்.

ஆகவே மேலே எழுதியது எதையும் செய்யாதே. ஒன்றே ஒன்று செய். தாய்மாமன் சீராக நீ பிக்கப் மட்டும் அனுப்பவில்லை, பலகையும் நீதான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினாய். சர்வேயர் திரும்பி வந்து கேட்டால் காட்ட, அப்படி உன் கைப்பட ஒரு கடிதம் உடனே எழுதிப் போடு. அரசப்பன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். "தேதிய மட்டும் போன வருஷத்து ஐப்பசிக்கு, மரம் விழறதுக்கு முன்னாடி போடச் சொல்லுண்ணே" என்கிறான்.