உன் அக்காவை டிராப் பண்ணுகிறவர்

அன்பிற்குரிய மைத்துனனுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா ரொம்பவே சுகமாக இருக்கிறாள். பிரச்சினையே அதுதான்.

எடை அளவு அலுவலகத்திலிருந்து நான் ஓய்வு பெற்று நாலு மாதமாகிறது. உன் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடை வேலையை இன்னும் விடவில்லை. போன மாதம் அந்தக் கடைக்குப் புதிதாக ஒரு கண் பரிசோதகர் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர். தலை நிறைய முடி, சாம்பல் நிறக் கார். ஒரு சாயங்காலம் இவள் அரை மணி முன்னாலேயே வந்து நின்றாள். பஸ் சீக்கிரம் வந்துவிட்டதா என்றேன். "இல்லீங்க, அவர்தான் டிராப் பண்ணாரு" என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். தராசு முள்ளைப் பார்த்தே முப்பத்திரண்டு வருஷம் பிழைத்தவன் நான், மயிரிழை அசைந்தாலும் தெரியும்.

நமக்கு ஆங்கிலம் ஆபீஸ் அளவுக்குத்தான். அகராதியை எடுத்துப் பார்த்தேன். கீழே போடுதல் என்பது முதல் அர்த்தம், வண்டியிலிருந்து இறக்கிவிடுதல் இரண்டாவது, கைகழுவிவிடுதல் மூன்றாவது. அந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மனுஷன் விடாமல் இரண்டாவதிலேயே நின்றார். தினமும் ஆறு பத்துக்குக் கார்க் கதவுச் சத்தம், கூடவே சிரிப்புச் சத்தம். வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். பொறுக்க முடியாமல் ஒருநாள், "அந்த ஆளை டிராப் பண்ணிடு" என்று சொல்லியே விட்டேன். "எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே" என்கிறாள்!

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று, கண் மங்குவதாகச் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் என் தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார். "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெளிவா தெரியாது சார்" என்றார். வேவு பார்க்கப் போனவன் கதியைப் பார்! எது உன் அக்கா, எது கண்ணாடி அலமாரி என்றே புரியவில்லை. அலமாரியிடம் "வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டுவிட்டேன். கடைசியில் அதே காரில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். முன் சீட்டில் அவள், பின் சீட்டில் நானும் ஒரு அட்டைப்பெட்டியும்.

"சாருக்கு என் மேல ஏதோ கோபம் போலிருக்கே" என்றார் அவர்.

"நீங்க என்னை டிராப் பண்றீங்கல்ல, அதான்" என்றாள் உன் அக்கா. "இவரும் ஒரு தடவை பண்ணியிருக்காரு. கல்யாணமான புதுசுல, ஸ்கூட்டர்லேருந்து. மேடு ஏறுறப்ப நான் பின்னாடி விழுந்துட்டேன். இவரு பேசிக்கிட்டே தெருமுனை வரைக்கும் போயிட்டாரு. திரும்பி வந்து, 'நீ ஏன் பதிலே பேசலன்னு பார்த்தேன்'ங்கிறாரு!"

இரண்டு பேரும் கார் குலுங்கச் சிரித்தார்கள். கொஞ்ச தூரம் போனபிறகு அவள், "அன்னிக்கு பயந்தவர்தான். அப்புறம் என்னை வண்டியில ஏத்தினதே இல்ல" என்றாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து என்று சொல்லிவைத்தேன்.

ஆகவே தம்பி, இனிமேல் பஸ்ஸில்தான் வர வேண்டும் என்று உன் அக்காவுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் போடு. நான் சொன்னதாக எழுதிவிடாதே. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
மனம் ஆறாத உன் அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க ஒன்பது நாள் தாமதமாகிவிட்டது. அதற்குள் என் கண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த பரிசோதகர், ஒரு ஆட்டம் கேரம் ஆடலாமா என்று உட்கார்ந்தார். என்ன கை தெரியுமா அவருக்கு! இப்போதெல்லாம் ஆறு பத்துக்கு உன் அக்காவை வாசலில் இறக்கிவிட்டு, என்னை ஏற்றிக்கொண்டு கேரம் ஆடும் மன்றத்துக்கு ஓட்டுகிறார். நேற்று அவள் கைப்பையோடு வாசலிலேயே நின்று, "என்னை டிராப் பண்ணிட்டு ரெண்டு பேரும் எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் அகராதியைப் பார்க்கவில்லை. ஆகவே நீ அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அவள்தான் காலையிலிருந்து உனக்கு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்களைப் பற்றி என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே.