வசதியா உட்காருங்க, சம்பந்தி

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம், என்னைத் தவிர. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன். மரியாதைக்காக அல்ல, உட்கார முடியாது. காரணம் கீழே வருகிறது.

உங்கள் லாரி அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் தேவை, வரும் வெள்ளிக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் உங்கள் கல்யாணத்தன்று, கை கழுவும் இடத்தில், நாடகத்தில் நடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும், பதினோரு பேர் முன்னிலையில், "மாப்ள, உன் மூஞ்சியப் பாக்க எவன் டிக்கெட் வாங்குவான்?" என்று நீங்கள் கேட்டதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதியும் அந்தப் பதினோரு பேர் யார் யார் என்பதும் மட்டும்தான் நினைவில் இருக்கின்றன.

உங்கள் கடிதத்தின் அடியில் அக்கா, "ரசிகருங்க அன்பை விட்டுட்டு வர உனக்கு மனசு வருமாடா?" என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். அந்த அன்பு எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நான் வரலாற்றில் முதுகலை படித்தவன். அரச வேடங்களுக்காக நாடகக் குழுவில் சேர்ந்தவன். கிடைத்ததோ ஒரு குடும்ப நாடகத்தில் மாப்பிள்ளையின் அப்பா வேடம், மொத்தம் இரண்டு வசனம். பத்தொன்பது வருடங்களுக்கு முன், மூன்றாவது காட்சியன்று, பெண்ணின் அப்பாவாக நடிப்பவர் "வசதியா உட்காருங்க, சம்பந்தி" என்றார். உட்கார்ந்தேன். நாற்காலியின் பின்கால் கழன்றது. கால்கள் இரண்டும் மேலே போக, மல்லாக்க விழுந்தேன். அது எங்கள் தச்சரின் அஜாக்கிரதை, வேறொன்றுமில்லை. அரங்கமே சிரித்து உருண்டது. திரை இறங்கியதும் இயக்குநர் ஓடி வந்தார் (எல்லோருக்கும் அவர் 'தாடி'). அடிபட்டதா என்று கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கும் இதே மாதிரி விழுந்துடுங்க" என்றார். அன்று கவனக்குறைவாகச் செய்ததைத் தச்சர் பத்தொன்பது வருடங்களாக மிகுந்த கவனத்தோடு செய்துவருகிறார். சிரிப்பில் காது கேட்பதில்லை என்று என் இரண்டு வசனங்களையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்த இடமெல்லாம் மேடைதான். வங்கியில், முடிவெட்டும் கடையில், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, இறந்தவரின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "வசதியா உட்காருங்க, சம்பந்தி" என்றான். அங்கே நான் எப்படி உட்காருவது, எப்படி உட்காராமல் இருப்பது? ரசிகர்கள் அனுப்பிய தலையணைகள் வீட்டில் பதினான்கு இருக்கின்றன. ரசிகர் மன்றம் நாற்காலி வடிவில் ஒரு கேடயம் கொடுத்தது. அதற்கு மூன்று கால்தான். அலமாரியில் நிற்காமல் மாதம் ஒருமுறை அதுவும் விழுகிறது.

போன செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு வரிசையில் உட்காரச் சொன்னார்கள். யாரும் எதுவும் சொல்லாமலே, அத்தான், அந்த நாற்காலி உண்மையாகவே உடைந்தது. கைகளை ஊன்றிக்கொள்ளக்கூட நேரமில்லை. முதுகெலும்பின் அடிமுனை தரையில் மோதியது. "ஐயோ" என்று கத்தினேன். கைதட்டினார்கள்!

"மூஞ்சியப் பாரேன், நெஜமா வலிக்கற மாதிரியே இருக்கு!"

"மேடையில பாத்ததவிட இது பிரமாதம்."

"யம்மா, நான் கண்ணுல மருந்து போட்டிருக்கேன், எனக்குத் தெரியல. சார், இன்னொரு தடவை விழச் சொல்லுங்க!"

தூக்கிவிட ஓடி வர வேண்டிய நர்ஸ் ஊசி போடுவதை நிறுத்திவிட்டுத் தட்டினாள். "நெஜமாவே விழுந்துட்டேங்க" என்று நான் கெஞ்ச, அதற்கு ஒரு தனிக் கைதட்டல். அங்கிருந்து எலும்பு மருத்துவமனைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுப்பவர் என்னைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் தலையைச் சாய்த்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். எலும்பு டாக்டர் படித்த மனிதர், அவராவது கேட்பார் என்று நினைத்தேன். "எப்படி விழுந்தீங்க?" என்றார். சொன்னேன். "சொல்லாதீங்க, காட்டுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என் மனைவி வந்தாள். விவரத்தைக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். தோள்கள் குலுங்கின. "அழாதடி, ஆறு வாரத்துல சரியாயிடும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று ஆறுதல் சொன்னேன். அவள் அழவில்லை, அத்தான்.

போதும். தாடிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இனி ஒருவர் முன்னாலும் விழமாட்டேன். உங்கள் அலுவலகத்தில் நின்றே வேலை பார்க்க உயரமான மேசை ஒன்று போட்டுக் கொடுத்தால் போதும், திங்கட்கிழமையே வந்துவிடுகிறேன். அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் வீடும் லாரிகளும் எந்தக் குறையுமின்றி ஓடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மரியாதைக்குரிய, இனி மரியாதையாகவே வாழப்போகிற மைத்துனன்

பின்குறிப்பு: சனிக்கிழமை எழுதி முடித்த கடிதம் இது. வீட்டில் தபால்தலை இல்லாததால் தங்கிவிட்டது. ஞாயிறு மதியம், ஒப்பனை அறையில் கிடந்த என் செருப்பை எடுத்துவரலாம் என்று அரங்கத்துக்குப் போனேன். காட்சி நடந்துகொண்டிருந்தது. என் வேடத்தில் தாடி. "வசதியா உட்காருங்க" என்றதும் மூட்டை இறக்கியது போல் விழுந்தார். ஒரு சிரிப்பு இல்லை. முன்வரிசை அம்மா ஒருவர் எழுந்து, "ஐயோ பாவம், யாராச்சும் தண்ணி குடுங்க" என்றார். பத்தொன்பது வருடங்களில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் வந்ததில்லை. வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "எங்க சம்பந்தி எங்கய்யா?" என்று கத்தினார். அரங்கம் முழுக்கக் கேட்டது. தச்சர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் இன்னொரு நாற்காலியை எடுத்து, பின்காலைப் பிடித்திருந்த ஆப்பை உருவினார்.

சிரிப்பு இரண்டு நிமிடம் பத்து விநாடி. இதைக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். டாக்டர் சொன்ன ஆறு வாரம் இப்போது பன்னிரண்டு வாரமாகிவிட்டது. அந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுங்கள். பதின்மூன்றாவது வாரத்துக்கு இரண்டு டிக்கெட் இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்கள் வாங்கியதாகவே இருக்கட்டும். மூன்றாவது வரிசை, நடுவில். நான் விழும்போது என் மூஞ்சி அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். வசதியாக உட்காருங்கள், அத்தான்.