கப்பம் கட்டாத ஊரும் கை நனைக்காத விருந்தாளியும்

சொந்த ஊரைப் பற்றிப் பெருமை பேசுவது குற்றமில்லை. ஆனால் எதிரே இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பேச வேண்டும். நான் யோசிக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு காலத்துக்குப் போதுமானதாக இருந்தது என்பதைச் சொல்கிறேன். கேட்டு, நீங்களாவது பிழைத்துப் போங்கள்.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வயது முப்பத்தொன்று. ஜாதகத்தில் செவ்வாய். (முன்வழுக்கையும் இருந்தது. அது ஜாதகத்தில் இல்லை, நேரில் வந்தால்தான் தெரியும்.) சுற்றுவட்டாரத்தில் செவ்வாய் தோஷமுள்ள பெண்களெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் தரகர் கயத்தாறு பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் கொண்டு வந்தார். இதுவும் தட்டிப்போனால் இந்த ஜென்மத்தில் எனக்குக் கல்யாணம் கிடையாது என்று ஆத்தா நம்பினாள். நானும் நம்பினேன்.

பெண்ணின் அப்பா பருத்தி வியாபாரி. தன் மைத்துனரோடு எங்கள் வீடு பார்க்க வந்தார். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் வந்தவர்கள் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். ஆக, என் எதிர்காலம் முழுவதும் அந்த மத்தியானச் சாப்பாட்டில் இருந்தது. ஆத்தா விடிகாலையிலேயே அடுப்படிக்குள் போய்விட்டாள். சமையல் முடியும்வரை வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள். என் தாய்மாமன் வாசல்வரை வந்து காதோடு சொன்னார்:

"மாப்ளே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா வாயத் தொறக்காத."

என்னைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அறிந்தவர் அவர்.

ஜட்காவில் ஏறினோம். ராஜவீதியில் திரும்பியதும் பெண்ணின் அப்பா, தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறதே என்று ஒரு வார்த்தை பாராட்டினார். அவ்வளவுதான். அரண்மனையைக் கடக்கையில் நான் திவான் போலப் பேசினேன். திருக்கோகர்ணம் கோவிலில் சாமி கும்பிட்டு வெளியே வருவதற்குள் ஊரையே நான்தான் கட்டினேன் என்று நானே நம்பிவிட்டேன். அவரும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

பக்கத்திலேயே மியூசியம். பழைய துப்பாக்கிகளும் வாள்களும் இருந்த இடத்தில் நின்று, "இத்தன ஆயுதம் இருக்கே. வெள்ளக்காரனோட சண்ட போட்டிருப்பீங்களோ?" என்று கேட்டார்.

"சண்டையா? அவன் எங்ககிட்ட கப்பம்னு ஒரு சல்லிக்காசு வாங்குனதில்லீங்க" என்றேன்.

"ஏன் வாங்கல?"

(கவனியுங்கள், கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். மாமன் பேச்சை நான் மீறவே இல்லை.)

"பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரு தப்பிச்சு இங்கிட்டு வந்து காட்டுல ஒளிஞ்சிருந்தாரு. நம்ம ஆளுகதான பிடிச்சுக் குடுத்தாங்க. அந்த விசுவாசம்ங்க."

மைத்துனர் இருமினார். பெண்ணின் அப்பா வாள்களை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். அசந்துபோய்விட்டார் என்று நினைத்து, "நம்ம ஊர்ல பூந்து ஒருத்தன் தப்பிச்சுப் போயிர முடியாதுங்க" என்று ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "எங்க ஊருப் புளியமரத்துலதான் தம்பி அவரத் தூக்குல போட்டாங்க. அந்தப் பக்கம் போறவுக அவரு நெனப்பா ஆளுக்கொரு கல்ல எடுத்து அங்ஙன போட்டுட்டுத்தான் போவோம். எங்க தாத்தா போட்டாரு. நானும் போடுதேன். கல்லு குவிஞ்சு கெடக்கு."

பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார்.

நடந்தது என்ன, எப்படி நடந்தது என்று புத்தகம் எழுதுகிறவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த மியூசியத்தில் இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஜட்கா வீட்டைப் பார்த்துத் திரும்பியது. கயத்தாறு எந்தத் திசையில் இருக்கிறது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. குதிக்கலாமா என்றுகூட நினைத்தேன். குதிரை நடந்த வேகத்துக்குக் குதித்தாலும் செத்திருக்க மாட்டேன்.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். அவர் வாசற்படியிலேயே நின்று, வயிறு சரியில்லை என்று ஆத்தாவைப் பார்த்துக் கும்பிட்டார். நீட்டிய செம்பைக்கூடத் தொடவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகும் ஆத்தா செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

நடந்ததைக் கேட்டதும் மாமன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நூத்தம்பது வருசமா ஊரே அத அமுக்கி வச்சிருக்கு. ஒனக்கு என்னடா அவசரம்?"

என்னைக் காப்பாற்றியது செவ்வாய்தான். அவர்களும் நாலு மாதம் அலைந்து பார்த்துவிட்டு, வேறு ஜாதகம் கிடைக்காமல் கடிதம் போட்டார்கள். கல்யாணம் கயத்தாற்றில் நடந்தது. தாலி கட்டும் முன் என்னைப் புளியமரத்தடிக்கு அழைத்துப் போனார்கள். நானும் ஒரு கல் போட்டேன். (இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடும்படி மாமன் பின்னாலிருந்து சொன்னார்.)

மாமனார் மகளைக் கொடுத்தாரே தவிர, புதுக்கோட்டையில் கை நனைப்பதில்லை என்ற வைராக்கியத்தை விடவில்லை. பேரன் பிறந்தபோதும் காரைக்குடி ரயிலடியோடு நின்றுவிட்டார். நாங்கள்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சோறு கட்டிக்கொண்டு போனோம். பேரனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு இலையைப் பிரித்தவர், கூஜாவைப் பார்த்து நிறுத்தினார்.

"சோறு எம்மக பொங்குனது, சரி. தண்ணி எந்த ஊரு?"

"காரைக்குடித் தண்ணிதாம்ப்பா" என்றாள் என் மனைவி. எங்கள் கிணற்றில் அன்று காலை நான் இறைத்த தண்ணீர் அது. சொல்லிவிட்டு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ரயில் வரும் நேரம் எழுதியிருந்த பலகையைப் படித்தேன். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு, இரண்டு டம்ளர் குடித்தார். வருஷாவருஷம் இப்படியே. எங்கள் வாசலை மறுபடி மிதிக்காமலேயே ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

இன்று எங்கள் வீட்டில் யார் சாப்பிட உட்கார்ந்தாலும், "தண்ணி எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் டம்ளரை எடுக்கிறார்கள். மருமகள் கேட்கிறாள், பேரன் கேட்கிறான், எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "ஒங்க தாத்தா ஆயுசுல காட்டிக் குடுக்காத ஒரே சங்கதி அதுதான்" என்பாள் என் மனைவி. எனக்கு அப்போதெல்லாம் செம்பை நீட்டிக்கொண்டு ஆத்தா நின்றது நினைவுக்கு வரும். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன்.