சம்பந்தியை இழுத்தது பூமிதான்

ஆம்பூர்,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சுந்தரமூர்த்தி அவர்களுக்கு, அரங்கநாதன் இரு கைகூப்பி எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் வீட்டாரும் ஜோலார்பேட்டையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். குறிப்பாகத் தங்கள் இடது முழங்கை. 'சம்பந்தி' என்று எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து அந்த வார்த்தையை நான் உபயோகிக்கக் கூடாது என்று தாங்கள் சொன்னது நினைவிருக்கிறது. வேறு எப்படி அழைப்பது என்று போனில் கேட்கலாமென்றால் என் நம்பரையும் என் மனைவி கமலவேணியின் நம்பரையும் பிளாக் செய்துவிட்டீர்கள். ஆகவே பல வருஷங்களுக்குப் பிறகு தபால் ஆபீஸ் படியேறி ஒரு கவர் வாங்கிவந்தேன். எனக்கு முன்னால் நின்றவரின் பார்சலை எடை போட்ட மெஷினில் நிச்சயமாக இருபது கிராம் பிழை. நான் ஒன்றும் சொல்லவில்லை. எடை விஷயத்தில் இனி வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம், 'பொண்ணு நிச்சயத்துக்குக் கூப்பிட்டு ஆம்பூர்காரன் என்னைக் கிணத்துல தள்ளிட்டான்' என்று தாங்கள் ரயில்வே காலனி முழுக்கச் சொல்லி வருவதாகக் கேள்விப்பட்டதுதான். ஐயா, தங்களை நான் தள்ளவில்லை. பூமி இழுத்தது. என்னையும் அதே பூமிதான் இழுக்கிறது, நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சியின் முக்கியமான பகுதியில் தாங்கள் கிணற்றுக்குள் இருந்தபடியால் மேலே நடந்தவை தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நல்ல நேரம் பத்தே முக்கால். முப்பத்தாறு வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து எல்லா ஊருக்கும் தாமதமாகவே போய்ச் சேர்ந்த தாங்கள், அதையெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி ஒன்பது மணிக்கே வந்துவிட்டீர்கள். சந்தோஷம். காபி கொடுத்தோம். மாப்பிள்ளை ஹேமந்த் மோதிரத்தைப் போட்டோ எடுக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய், பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார், தாங்கள் அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினீர்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது தாங்கள் என் மகள் நித்யஸ்ரீயைப் பார்த்து, "ஸ்கூல்ல இன்னாம்மா நடத்தற?" என்று கேட்டீர்கள். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். அவள் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் டீச்சர், உள்ளதைச் சொன்னாள். "பொருள் எல்லாம் எப்படிக் கீழ விழுதுன்னு நடத்தறேன் மாமா. காத்து தடுக்கலன்னா கனமானதும் லேசானதும் ஒண்ணாத்தான் வந்து சேரும்" என்றாள். தாங்கள் காபி சிந்தச் சிரித்தீர்கள். "கனம் ஜாஸ்தின்னா வேகம் ஜாஸ்தி. நிலக்கரி வண்டிக்குப் பின்னாலயே காலத்த ஓட்டினவன் நானு, எங்கிட்டயே கதை வுடறியா?" என்றீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் வரை நானும் தங்கள் கட்சிதான். டேனரியில் முப்பத்திரண்டு வருஷம் எடை கிளார்க்காக இருந்தவன் நான். உப்புப் போட்ட மாட்டுத்தோல் லாரியிலிருந்து தொப்பென்று விழும், காய்ந்த ஆட்டுத்தோல் நிதானமாக ஆடி ஆடி வரும், இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால், பெண் சொன்னது தப்பு என்று பெற்ற தகப்பன் ஒத்துக்கொள்ள முடியுமா? அதனால் "நித்யா சொல்றதுதான் கரெக்ட்" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே அதில் அசைக்க முடியாத நம்பிக்கை வந்துவிட்டது. தாங்கள் குரலை உயர்த்தினீர்கள், நானும் உயர்த்தினேன். அந்தப் பெண், "விடுங்கப்பா, மாமா சொன்னதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையும் போன் சார்ஜர் தேடிக்கொண்டு எழுந்து போனார். நாம் இரண்டு பேரும் திருஷ்டி கழிக்க வைத்திருந்த பூசணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி ஏறினோம்.

பூசணி ஆறு கிலோ நானூறு, எலுமிச்சை நாற்பது கிராம். என் கண் கணக்கு தப்பாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தாங்கள்தான் எண்ணினீர்கள், கார்டு கொடி காட்டுகிற தோரணையில் கையையும் ஆட்டினீர்கள். கீழே ஷாமியானா போட்டிருப்பதை நாம் இருவருமே மறந்துபோனோம். பூசணி துணியைக் கிழித்துக்கொண்டு போய், மதிலோரம் தம்மில் இருந்த பிரியாணி டேக்சாவின் மூடிமேல் விழுந்து சிதறியது. பிரியாணி இல்லாமல் ஆம்பூர் வந்து போவது கௌரவக் குறைச்சல் என்று தாங்கள் சொல்லியனுப்பியதால்தான் நிசார் அஹமது மாஸ்டரை ஏற்பாடு செய்திருந்தேன். அவர் கரண்டியோடு நடுமுற்றத்துக்கு வந்து நின்று, "இன்னா சாப் இது? தம் போட்ட டேக்சா மேல பூசணிய போடறீங்க! மேல வச்ச நெருப்பெல்லாம் செதறிப்போச்சு. சோறு குழைஞ்சா என்னை பேஜார் பண்ணக் கூடாது, சொல்லிட்டேன்!" என்றார். எலுமிச்சை ஷாமியானா மடிப்பிலேயே தங்கிவிட்டது. அதைக் காட்டி, "பூசணி போய்ச் சேந்தாச்சு. உங்க பழம் இன்னும் அவுட்டர் சிக்னல்லயே நிக்குது" என்றீர்கள். காற்று தடுத்தாலே கணக்கில் சேராது என்கிறாள் பெண், துணி தடுத்தால் எப்படிச் சேரும் என்று நான் கேட்டேன். கமலவேணி கீழிருந்து, திருஷ்டிக்கு இனி எதைச் சுற்றுவது என்று அழாத குறையாகக் கேட்டாள். நாம் இறங்கிக் கொல்லைக் கிணற்றுக்குப் போனோம், அங்கே தடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதால்.

கிணற்றில் போடக் கனமான பொருள் வேண்டுமே என்று என் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்தேன். நான் ரிட்டயர் ஆன அன்று டேனரியில் என் பெயர் பொறித்துக் கொடுத்தது. பெண்ணுக்காக அதையும் தியாகம் செய்தேன். தட்டிலிருந்து இன்னொரு எலுமிச்சம்பழம். இரண்டையும் ஒன்றாக விட்டேன். 'டுபுக்' என்று ஒரே சத்தம். தாங்கள் இரண்டு சத்தம் கேட்டதாகச் சொன்னீர்கள். அதைக்கூட விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் தாங்கள் எட்டிப் பார்த்து, "இரும்பு அடிக்கே போயிடுச்சி. பழம் மேலயே மெதக்குது. இன்னும் வந்து சேரவே இல்லியே, அப்ப எது ஃபர்ஸ்ட்டு?" என்றீர்கள். விழுவது வேறு, மிதப்பது வேறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அந்தப் பழத்தை எனக்கு விரல் நீட்டிக் காட்டுவதற்காகத் தாங்கள் கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்துச் சாய்ந்தீர்கள். தொண்ணூற்றெட்டு கிலோவில் பெரும்பகுதி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மோதிரப்பெட்டி பையிலிருந்து நழுவியதும் தாங்கள் நழுவியதும் ஒரே நொடியில். நல்ல வேளை, இந்த வருஷ மழையில் தண்ணீர் எட்டடியிலேயே நின்றது. பெட்டியும் தாங்களும் ஒன்றாகத் தண்ணீரைத் தொட்டீர்கள். ஒரே சத்தம்.

அப்போது நான் செய்ததை நினைத்து இப்போதும் கூசுகிறேன். கிணற்றில் ஒருவர் விழுந்தால் யாரும் 'ஐயோ' என்றுதான் சொல்வார்கள். நான் கைதட்டி, "பாத்தீங்களா சம்பந்தி, ஒண்ணா விழுந்திச்சு!" என்றேன். என் வாய் செய்த குற்றம் அது, மனசு அப்போதே பதறிக்கொண்டுதான் இருந்தது. தாங்கள் மூழ்கவில்லை, வேட்டிக்குள் காற்றுப் புகுந்து அந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்திலேயே மிதந்தீர்கள். தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்ததையும் கவனித்தேன், ஆனால் அதை அப்போது நான் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதற்குத் தாங்களே சாட்சி.

பிறகு கயிறு. டேனரியில் ஊறல் குழியிலிருந்து இருபது வருஷம் தோல் இழுத்த தனகோடி உதவிக்கு வந்திருந்தான். அவனும் ஷாமியானாக்காரர் இரண்டு பேரும் நானுமாகக் கயிற்றை விட்டோம், தாங்கள் அக்குளில் கட்டிக்கொண்டீர்கள், இழுத்தோம். இழுத்தால் என்ன ஆச்சரியம், எடையே இல்லை! பத்து கிலோகூட வராது. ஒரு கையால் இழுத்துக் காட்டினேன். நிசார் மாஸ்டரோ, கிழிந்த துணி வழியாகத் தூசி விழுகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு லேசான ஆளுக்கு நான்கு பேர் எதற்கு என்று, ஷாமியானாக்காரர் இருவரையும் துணியைத் தைக்க அனுப்பிவிட்டேன். தனகோடி அப்போதே சொன்னான்: "கிளார்க் சார், அனுப்பாதீங்க. தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் தோலு நாம சொல்றத கேக்கும். மேல வந்திச்சுன்னா ஆள இழுத்துக்கும்." முப்பத்திரண்டு வருஷம் எடை போட்டவனுக்கு நீ எடை சொல்லித் தருகிறாயா என்று அவனை அடக்கினேன். யோசித்துப் பார்த்தால், அத்தனை வருஷத்தில் நான் ஒரு தோலைக்கூடக் குழியிலிருந்து இழுத்ததில்லை. அவன் இழுத்துக் கொண்டுவந்து மேடையில் போடுவான், நான் பேனாவால் எழுதுவேன். தண்ணீர் தாங்குகிற கனமெல்லாம் அவன் தோளுக்குத்தான் தெரியும், என் நோட்டுக்குத் தெரியாது.

தங்கள் மார்பு வெளியே வந்தது, கயிறு கனத்தது. இடுப்பு வந்தது, என் செருப்பு மண்ணில் சறுக்கியது. முழங்கால் வந்தபோது நானும் தனகோடியும் சுவரில் போய் மோதினோம், தாங்கள் மறுபடி உள்ளே போனீர்கள். முழங்கை அப்போது அடிபட்டதுதான். சத்தம் கேட்டுக் கொல்லை அறையிலிருந்து நித்யஸ்ரீயும் மாப்பிள்ளையும் ஓடிவந்தார்கள், துணி தைக்கப் போன இருவரும் திரும்பி வந்தார்கள். ஆறு பேர் சேர்ந்த பிறகுதான் தாங்கள் கரையேறினீர்கள், வேட்டி ஏறவில்லை. கமலவேணி கொடுத்த குடியாத்தம் லுங்கியைத் தாங்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் சும்மா இருந்திருக்கலாம். "தண்ணில பத்து கிலோ, வெளில தொண்ணூத்தெட்டு" என்று தங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டேன். அதற்குள் வாளி விட்டு மோதிரப்பெட்டியை எடுத்தார்கள். திறந்தால் காலி. தாங்கள் ஈர மீசையைத் துடைத்துக்கொண்டு, "மோதிரம் தண்ணில போச்சு. சகுனம் சரியில்ல. இந்தச் சம்பந்தம் வேணாம்" என்று சொல்லிவிட்டு, பச்சைக் கட்டம் போட்ட லுங்கியோடு ஸ்டேஷனுக்கு நடந்தீர்கள். பிரியாணி அப்படியே இருந்தது. குழையவும் இல்லை.

ஐயா, இதுவரை எழுதியது விளக்கம். இனி எழுதுவது கெஞ்சல். என் பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. இதை அவள் வாயால் சொன்னதில்லை, ஆனால் அவர் பெயர் வந்தால் அவள் முகம் மாறுவதைத் தகப்பனாகப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு குனிந்தே இருக்கிறாள். அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்னால்தான் அவள் வாழ்க்கை இப்படி ஆனது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நான்கு நாட்களாக மோட்டார் ஓடுகிறது. எவ்வளவு இறைத்தாலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. தனகோடி சேற்றில் இறங்கித் தேடுகிறான். என் எடைக்கல், தங்கள் வேட்டி, ஒரு சொம்பு, யாருடையதோ பல்செட்டு, எல்லாம் கிடைத்தன. மோதிரம் மட்டும் இல்லை. கிடைக்கிற வரை இறைப்பேன். தாங்கள் மனமிரங்க வேண்டும். கனமானதுதான் முதலில் விழும் என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்கிறேன். விழுவது, மிதப்பது, எடை, இந்த மூன்றையும் பற்றி ஆயுசு உள்ளவரை ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது என் குலதெய்வத்தின் மேல் ஆணை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும், சிறியவர்களுக்கு என் ஆசியும், மாப்பிள்ளைக்கு (அப்படியே எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை) என் அன்பும் சேரட்டும். தங்கள் முழங்கை விரைவில் குணமாகட்டும்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும்,
அரங்கநாதன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது நித்யஸ்ரீ பள்ளியிலிருந்து வந்து, கடிதத்தை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்கச் சிரித்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். மோதிரம் அவள் விரலில் இருக்கிறது. போட்டோவுக்கு வாங்கிய மோதிரத்தைக் கையிலேயே வைத்திருந்த மாப்பிள்ளை, நாம் பூசணியோடு மாடி ஏறிய உடனேயே போட்டுவிட்டாராம். "இவங்க ரெண்டு பேரையும் நம்பி பத்தே முக்கால் வரைக்கும் காத்திருந்தா நம்ம நிச்சயம் நடக்காது" என்று அவர்தான் சொன்னாராம். நம் இருவர் கோபமும் ஆறும்வரை சொல்ல வேண்டாம் என்று தினமும் போனில் பேசி வைத்திருக்கிறார்கள். ஆகவே தாங்கள் விழுவதற்கு முன்பே நாம் சம்பந்திகள். மோதிரம் தண்ணீரில் போகவும் இல்லை, சகுனத்தில் குறையும் இல்லை. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மேலே கெஞ்சியது, ஒத்துக்கொண்டது, ஆணையிட்டது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். ஏனென்றால் சம்பந்தி, தாங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோதிரம் இல்லை என்றால் அது வெறும் பெட்டி. இருபது கிராம்தான் இருக்கும். தாங்கள் தொண்ணூற்றெட்டு கிலோ. ஆனாலும் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? இன்னும் சந்தேகம் இருந்தால் கல்யாணத்தன்று தீர்த்துக்கொள்ளலாம். மண்டபம் பார்த்துவிட்டு வந்தேன். கிணறு கிடையாது. மூன்று மாடி.